வகுப்பு இருபத்தைந்து

போன ஆனியில் குர்லா சந்தையில்
என் கோட்டுக்கு நானே விலை கேட்டேன்.
முதுகில் அதே நீல எழுத்து: பர்சாத் ராணி.
மழைக்கு ராணி என்று பெருமையாய் வைத்த பெயர்.
தையல் மட்டும் என்னுடையது இல்லை,
அக்குளில் ஒட்டு விட்டிருந்தது.
"ஒரிஜினல், தீதி" என்றான்.
நூற்றெண்பது கொடுத்து வாங்கி
தொண்ணூறு அடிச் சாலை வரை
அதைக் கையில் பிடித்துக்கொண்டே நனைந்து வந்தேன்.

சயானில், மருந்துக்கடை மாடியில்
வக்கீல் அனகா ஷிரோட்கர்.
என் மூத்தவளைவிட ஒரு வயது குறைவாக இருக்கும்.
ஜலதோஷம். கைக்குட்டைக்குள்ளிருந்தே சொன்னாள்:
மழை எல்லாருக்கும் பொது.
நாளைக்கு இன்னொருத்தி மழைக்கோட்டு தைத்தால்
மழை என்று சொல்லாமல் எப்படி விற்பாள்?

நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எரிச்சல்.

சீல் மிஷின் சூடேறும் பத்து நிமிடத்தில்
தினம் ஆளுக்கொரு பெயர் சொன்னோம்.
'நனையாதே' என்பது சரக்கின் குணமாம், கிடைக்காது.
தாராவி ஊர். ஊரை யார் எழுதி வாங்குவது?
லட்சுமி என்றாள் பட்டன் வைக்கும் ரெஜினா.
துணிமணிக்கு வகுப்பு இருபத்தைந்து,
அங்கே லட்சுமிகளுக்கு நிற்கவே இடமில்லை.
பெரிய கம்பெனிப் பெயரில்
ஓர் எழுத்தை மாற்றிச் சொன்னான் கொழுந்தன்.
ஜெயிலுக்கு நீ போவியா என்றேன்.

இது என்ன கணக்கு?
பிள்ளைக்கு அர்த்தம் பார்த்துப் பெயர் வைக்கிறோம்,
சரக்குக்கு அர்த்தமே ஒட்டாமல் வைக்கச் சொல்கிறார்கள்.
ராத்திரியெல்லாம் எழுத்துகளை வாயில் போட்டு மென்றேன்.
டோபுலா. கிம்ரி. சவந்தோ.
எதைத் துப்பினாலும் அது
ஏற்கெனவே ஏதோ மாத்திரையின் பெயர் போல இருந்தது.

மூன்றாம் தடவை போனபோது ஆவணம் கேட்டாள்.
ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"யார் இந்தப் பெசிகானி?"

நான்தான்.
பேச்சிக்கனி.
பேச்சியம்மன் கோயில் வாசலில் வைத்து இட்ட பெயர்.
தொண்ணூற்றெட்டில், ரேஷன் ஆபீஸ் ஜன்னலில்
மூன்று முறை சத்தமாகச் சொன்னேன்.
அவன் காதில் விழுந்ததை எழுதினான்.
அவன் காதில் எந்த அம்மனும் இல்லை.
திருத்தப்போய் எட்டு அரைநாள் சம்பளம் போச்சு,
இரண்டு அபிடவிட், ஒரு தடவை அழுகை.
கடைசியில் கேட்டார்கள்: அரிசி வருதா, இல்லையா?
வருது. பெசிகானிக்கு வருது.
இத்தனை வருஷம் அவள் சோற்றைத்தான்
நான் தின்றுகொண்டிருந்தேன்.

அனகா மூக்கைத் துடைத்துவிட்டு
நாலு எழுத்தையும் தேடல் பெட்டியில் அடித்தாள்.
குறிலாக, நெடிலாக,
கேட்க ஒரே மாதிரி இருப்பது, பார்க்க ஒரே மாதிரி இருப்பது.
வெறும் வெள்ளைத் திரை.
இருபத்தைந்தில் மட்டுமில்லை,
எந்த வகுப்பிலும் ஓர் ஆள் இல்லை.
"எந்த பாஷை இது?"
"கிளார்க் பாஷை."
சிரிக்கப்போய்த் தும்மினாள்.

நாலாயிரத்து ஐந்நூறு கட்டி
விண்ணப்ப எண் வந்திருக்கிறது.
சான்றிதழ் வரவில்லை.
வெளியிட்ட பிறகு நாலு மாதம்
யாரும் ஆட்சேபிக்கலாமாம்.
பேச்சியைத் தவிர யார் வரப்போகிறார்கள்?
அதுவரை பெயரோரம் குட்டியாக டி.எம். போடலாம்,
வட்டத்துக்குள் எழுத்துப் போடக் கூடாது.
இத்தாலிச் சரக்கா என்கிறான் மாட்டுங்கா கடைக்காரன்.
ஆமாம் என்று சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.

முதல் லாட்டில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.
அந்த ஜன்னல்காரன் இப்போது ஓய்வுபெற்றிருப்பான்,
எங்கே குடியிருக்கிறானோ.
உட்கார்ந்தே இருந்ததால் உயரம் தெரியாது.
கம்பிக்கு வெளியே வந்த கை மட்டும் ஞாபகம்,
மையொட்டிய கட்டைவிரல்.
கை நீளத்தைப் பார்த்தால்
எக்ஸ்எல் சரியாக இருக்கும்.